மூன்றாம் சரணம்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பின்
டாக்டர் சொன்னார்:
பேச்சு வந்துவிடும்,
பாட்டு வருமா, சொல்ல முடியாது.
ஆறு வாரம்
பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கவில்லை.
பதினோரு வருஷம் ஆல்ட்டோவில் நின்றவள்
இன்று பசுமலைக் கோயிலில் கடைசி பெஞ்ச்,
கழுத்துத் தையலை முந்தானையால் மூடிக்கொண்டு.

பக்கத்தில் தேவகிருபை அக்கா.
பைக்காராவில் இட்லி மாவு அரைத்து விற்பவர்.
கிரைண்டரோடு போட்டி போட்டு
எதையும் கத்தித்தான் சொல்வார்.
அவர் பாடினால்
கீபோர்டு ஒரு தெருவில் போகும்
அவர் அடுத்த தெருவில்.
எத்தனை ஞாயிறு
பாடகர் வரிசையிலிருந்து திரும்பி
முறைத்திருக்கிறேன்.

கீர்த்தனை தொடங்கியது.
வாயை மட்டும் அசைத்தேன்,
மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவள் போல.

இரண்டாம் சரணத்தில்
அக்கா என்னைப் பார்க்கவில்லை,
பாட்டுப் புத்தகத்தை மட்டும்
என் பக்கம் நகர்த்தினார்.
கட்டைவிரல் நகத்தில் காய்ந்த மாவு.
எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.
இருந்தாலும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவதில்
திருமங்கலம் பக்கம் போகிற ரயில் ஊதியது.
அந்தச் சத்தத்தின் மறைவில்
யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்
தொண்டையைத் திறந்தேன்.
வந்தது
காற்று இறங்கும் சைக்கிள் டியூப்.

ரயில் போய்விட்டது.
நான் நிறுத்தவில்லை.
சுருதி எங்கேயோ இருந்தது,
எங்கள் இருவருக்கும் தூரமாக,
ஆனால் ஒரே தூரத்தில்.

ஆமென் முடியுமுன்னே
அக்கா என் காதருகில், ரகசியமாக
என்று நினைத்துக்கொண்டு, கத்தினார்:
"நாளைக்கு மாவு வேணுமா?"
முன்வரிசை முழுக்கத் திரும்பியது.

ரெண்டு கிலோ, என்றேன்,
கிழிந்த அந்தக் குரலிலேயே,
சத்தமாக.