பக்கம் நாற்பத்தொன்று

சொல்லுக்கு இரண்டு ரூபாய் என்றார் கீர்த்தனன் சேர்,
கொழும்பிலிருந்து, குரல்பதிவில்.
பின்னால் கரண்டியும் தட்டும் பேசிக்கொண்டிருந்தன.

'பெருந்தோட்டத் துறையில் ஊதிய உரிமைகள்.'
ஆங்கிலத்தில் அறுபத்து நான்கு பக்கம்.
பதினெட்டு நாளில் தமிழாக வேண்டும்.
இருபத்தோராயிரத்து எண்ணூறு சொல்:
எண்ணியது லெப்டொப், நானில்லை.

கீழ்க்கணக்கு லயத்தில் சிக்னல் கிடையாது.
தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி,
காலில் அட்டைக்கு உப்புத் தேய்த்து,
குடையை லெப்டொப்புக்குப் பிடித்து
நான் நனைந்தேன்.
ஊதியமா வேதனமா கொடுப்பனவா என்று
ஒரே சொல்லுக்கு ஓர் இரவு போனது.
அம்மாவைக் கேட்டிருந்தால் 'சம்பளம்' என்றிருப்பாள்.
அறிக்கைக்கு அது சரிவராது.

மாசி கடைசியில் அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி.
'சுப்பர். பாத்திட்டுச் சொல்றன் தங்கச்சி.'

பங்குனியில் டோனர் காசு வரவில்லை.
சித்திரையில் கணக்காளர் லீவு.
வைகாசியில், இன்னொரு சின்ன வேலை இருக்கு,
ரெண்டையும் சேர்த்துப் போட்டுவிடுறன் என்றார்.
அந்தச் சின்ன வேலையையும் செய்தேன்.
இதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.
ஆனியில், 'உங்கட சனத்துக்கான வேலைதானே,
எல்லாத்தையும் காசாப் பாக்கக்கூடாது.'
ஆடியில் ஒற்றைச் சரி.
அதற்குமேல் அது இரண்டாகவில்லை.

லெப்டொப் தவணைக்காரப் பையன்தான்
மாதம் பிறந்தால் தவறாமல் ஏறி வந்தான்,
மழைக்கோட்டோடு, சிரித்த முகத்தோடு.

மடுவத்தில் அம்மாவின் கொழுந்தை நிறுக்கும்போது
ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள்.
கிலோ குறைந்த நாளில் அரைப்பேர்.
அரைப்பேர் என்றாலும் செக்ரோலில் ஒரு பேர்.
எனக்கு அதுவும் விழவில்லை.

ஹட்டனில் வீடியோ வெட்டும் ரொமேஷிடம் புலம்பினேன்.
சிரித்தான்.
அவனுக்கு மெல்போர்னில் ஒரு கல்யாணம் பாக்கி.
அந்தத் தம்பதிக்குப் பிள்ளையும் பிறந்தாயிற்று.
முதலாம் பிறந்தநாள் வீடியோவுக்கும்
அவனைத்தான் கேட்டிருக்கிறார்கள்,
'பழைய ஆள்' என்று உரிமையோடு.

ஐப்பசியில் புத்தகம் தோட்டத்துக்கே வந்தது.
பிரட்டுக் களத்தில் கூட்டம்,
ஆளுக்கு ஒரு பிரதி, ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ.
வழவழ அட்டையில் கூடையோடு ஒருத்தி சிரித்தாள்.
நன்றிப் பக்கத்தில் வேன் சாரதியின் பெயர்கூட இருந்தது.
தமிழாக்கம் தானாக நடந்திருந்தது.

வந்திருந்த உத்தியோகத்தர் எழுந்து,
தொண்டையைச் செருமி,
நாற்பத்தொன்றாம் பக்கத்தை வாசித்தார்:
'தொழிலாளிக்குச் சேர வேண்டிய நிலவை
முப்பது நாட்களுக்குள் செலுத்திவிட வேண்டும்.'

நிலுவை.
லுவில் ஒரு வளைவு விட்டுப்போயிருக்கிறது.
மழையோ, தூக்கமோ, விறைத்த விரலோ.
சேர் வாசிக்கவில்லை. டோனர் வாசிக்கவில்லை.
அச்சுக்கூடமும் அப்படியே அடித்திருக்கிறது,
இரண்டாயிரம் பிரதி.

பின்வரிசையிலிருந்து ராக்காயி அக்கா கேட்டாள்:
'நெலவ எப்ப தருவாங்க, அமாவாசைக்கா?'
களம் முழுக்கச் சிரிப்பு.
அம்மா பணிஸ் வாயோடு சிரித்தாள்.
உத்தியோகத்தர் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை.

பின்னட்டையில் டோனரின் மின்னஞ்சல் இருந்தது.
'உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்.'

இருட்டுகிற நேரம் தொட்டிக்கு மேலே ஏறினேன்.
பழைய இரண்டு பில்லையும் இணைத்தேன்,
மாசித் தேதியோடு.
கீழே எழுதினேன்:

பக்கம் நாற்பத்தொன்றில் ஒரு பிழை உண்டு.
எது என்று எனக்குத் தெரியும்.
திருத்தம்: ஒரு சொல்.
கட்டணம்: இரண்டு ரூபாய்.
முன்பணம்.