விடைத்திட்டம்

நான்காம் கேள்வி, ஆ பிரிவு:
எக்ஸ் நிறுவனம் கழிவுநீரை ஆற்றில் விடுகிறது.
அந்நிறுவனம் ஏன் சமூகப் பொறுப்போடு நடக்க வேண்டும்?
மூன்று காரணங்கள். ஆறு புள்ளி.

விடைத்திட்டம் என் இடது கையருகே,
தேநீர்க் குவளையின் வட்டம் பதிந்து கிடக்கிறது:
நற்பெயர் வளரும்.
வாடிக்கையாளர் விலக மாட்டார்.
முதலீட்டாளர் வருவார்.
வரிச்சலுகையையும் ஏற்கலாம் என்று
யாரோ பென்சிலில் சேர்த்திருக்கிறார்கள்.

நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். இரவு பதினொன்று.
பிறை அடுக்குமாடி, பதினான்காவது தளம்.
ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டையின் மஞ்சள் விளக்கு,
மூடினால் விசிறிச் சத்தம்.
காற்று எந்தப் பக்கம் என்று
மூக்கை வைத்தே சொல்லிவிடுவோம் நாங்கள்.

ஹாஸிக் நற்பெயர் என்றான். சரி.
வெய் ஜியே முதலீட்டாளர் என்றான், அழகான கையெழுத்து. சரி.
தர்மேந்திரன் மூன்றையும்
டியூஷனில் கொடுத்த வரிசையிலேயே,
அங்கிருந்த எழுத்துப்பிழையோடு.
சரி, சரி, சரி.

எண்பத்து மூன்றாவது தாள், கிஷாலினி.
மலாயில்தான் எழுதுகிறாள், எல்லோரையும்போல:
ஒன்று, ஈக்கான் செத்துப்போகும்.
இரண்டு, சாகாத ஈக்கானைப் பிடித்து விற்பார்கள்,
அதை நாங்கள் சாப்பிடுவோம்.
மூன்று, ஆறு அவர்களுடையது இல்லை.

பேனா நின்றது.
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடினேன்.
திட்டத்தில் மீன் இல்லை.
'ஏற்கத்தக்க பிற விடைகள்' என்றொரு வரி
வழக்கமாக இருக்கும். இந்த முறை
அதுவும் இல்லை.

இந்தப் பாடத்தை நடத்தியது நான்தான்.
தொழில்முனைவோர் தினத்தில் வகுப்பு பொரித்த கோழி விற்றது,
லாபம் இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
அன்றைக்கும் இவள்தான் கேட்டாள்:
சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு நாசி லெமாக்
நாப்பது பொட்டலம் மிஞ்சிப்போச்சு டீச்சர்,
அதை எந்தப் பத்தியில எழுதறது?
மணி அடித்துவிட்டது என்றேன்.
அடிக்கவில்லை. இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

ஆறு போட்டேன்.

வியாழக்கிழமை மறுபார்வை.
புவான் ரொஹாய்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது எங்கே இருக்கிறது?"
"ஆற்றில்," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கெட்டவரும் இல்லை,
என் கார் பழுதான மாதம் முழுக்க
என்னை வீட்டில் இறக்கிவிட்டவர்.
"இவளுக்குக் கொடுத்தால்,
மனப்பாடம் செய்து நாலு வாங்கினவனுக்கு
என்ன பதில் வைத்திருக்கிறாய்?
திட்டம் எல்லோருக்கும் ஒன்று.
அதுவும் நேர்மைதானே?"

நேர்மைதான்.
அதுதான் தொல்லை.

ஆறு அடிபட்டது, சுழியம் ஏறியது.
மலாயில் எண் வேறு, நதி வேறு.
தமிழில் கணக்குப் போடுகிற எனக்குத்தான்
ஒரே கோட்டில் இரண்டும் போயிற்று.

திங்கள் காலை தாள்களைக் கொடுத்தேன்.
மணியடித்தபின் வந்தாள், ஹாக்கி மட்டை தோளில்.
மீனைப் பற்றிக் கேட்பாள் என்று
வெள்ளிக்கிழமை இரவே பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"டீச்சர், கூட்டல் தப்பு.
ரெண்டாம் கேள்வியில நாலுதான்,
அஞ்சுன்னு கூட்டியிருக்கீங்க."
கடையில் கூடுதலாக வந்த ஐம்பது காசை
மேசைமேல் திருப்பி வைக்கிற முகம்,
அதற்குமேல் ஒன்றுமில்லை.
ஐம்பது நாற்பத்தொன்பதாயிற்று. தரம் ஒரு படி இறங்கியது.
என் சிவப்பு மை, என் கையெழுத்து.

"அப்ப, அடுத்த தடவை
நாலாம் கேள்விக்கு என்ன எழுதணும்?"

சொன்னேன்.
நற்பெயர். வாடிக்கையாளர். முதலீட்டாளர்.
அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து,
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில்,
குறித்துக்கொண்டாள்.

மீனை அடிக்கவில்லை.