காய், பாணி, தீ

மிளகாய் மில்லில் இருபத்தோரு வருஷம்.
சுவிட்சை அணைத்த பிறகும் மெஷின் ஓடும்,
வலது காதில் கொஞ்சம் கூடுதலாக.
டாக்டர் ஒரு தாளில்
மலைச்சரிவு மாதிரி கோடு இழுத்து
இதுதான் உங்கள் காது என்றார்.
காதுக்கு வைக்கும் மெஷினின் விலை சொன்னார்.
அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஆகவே எங்கள் வீட்டில்
ஒரு படம் பார்க்க இரண்டு போன்.
ஒன்று பேசும், ஒன்று எழுதும்.
பேசுவது புதுசு, இன்னும் ஏழு தவணை பாக்கி.
எழுதுவது யாமினி காலேஜ் படியில் போட்டு உடைத்தது,
இடது மூலையில் சிலந்திவலை.
சொம்பில் சாய்த்து வைத்தால்
கோர்ட் குமாஸ்தா போல் விடாமல் எழுதும்.
எது படம், எது முனிச்சாலை
என்பதுதான் அதற்குத் தெரியாது.

ரயிலடியில் கதாநாயகி நிற்கிறாள்.
ஆறு வருஷம் பூட்டி வைத்த ஒரு சொல்லை
இதோ சொல்லப் போகிறாள்.
உதடு துடிக்கிறது. சொல்லிவிட்டாள்:
*நாலு கிலோ நூறு ரூவா வாங்கம்மா வாங்க
பெரிய வெங்காயம்.*
நாயகன் அழுதான்.
நாங்கள் சிரித்த சிரிப்பை
*கைதட்டல்* என்று எழுதியது போன்.

குக்கர் கத்தினால் *இசை*.
மாடிவீட்டில் கட்டில் இழுத்தால் *இடி*.
நிஜமாக இசை வரும்போது சும்மா இருக்கும்,
எனக்கும் சும்மா இருப்பதில் வருத்தமில்லை.
வில்லன் குரல் எப்படி என்று யாமினியைக் கேட்டேன்.
யோசித்து, என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்:
ஜிகர்தண்டாவில் மணல் விழுந்த மாதிரி.
அன்றைக்கு அந்த ஆள் வந்த இடமெல்லாம்
பல்லில் நறநறவென்றது.

எங்கள் வீட்டுப் பேச்சு அதற்கு வராது.
மொழிப் பட்டியலில் மேலும் கீழும் தேய்த்துத் தேடினோம்.
பெயர் கேள்விப்படாத தீவுக்கெல்லாம் இடமிருக்கிறது,
சௌராஷ்டிரத்துக்கு இல்லை.
கோமளா எது சொன்னாலும்
தமிழ் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும்.
என்ன என்று கேட்டாள்: *காய்* என்றது.
தண்ணீர் கேட்டாள்: *பாணி* என்றது.
நடிகரின் பாணியைப் புகழ்கிறாள் என்று
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
நானும் தலையாட்டினேன்.
சொம்பை அவளே எடுத்துக் குடித்தாள்.
போன் குப்புற விழுந்து
தரையைக் கொஞ்ச நேரம் எழுதியது.

ஞாயிறு ராத்திரி கொலைப் படம்.
போலீஸ்காரர் பீரோவைத் திறக்கப் போகிறார்,
கரண்ட் போனது.
பேசுகிற போனில் சார்ஜ் இரண்டு சதவீதம்,
பிறகு அதுவும் இல்லை.
கோமளா இந்தப் படத்தைத்
திருநகரில் தங்கச்சி வீட்டில் ஏற்கெனவே பார்த்தவளாம்!
இரண்டு மணி நேரம் வாய் திறக்காதவள்
இப்போது திறந்தாள்.
வெளிச்சத்தில் அவள் உதடு எனக்குப் பாடப்புத்தகம்.
இருட்டில் இருந்தது
எழுதுகிற போன் ஒன்றுதான்.
அது எழுதியது:

*தீ*

எழுந்துவிட்டேன்.
சிலிண்டர் மூடியைத் தடவித் தேடுகிறேன்,
முழங்காலில் ஸ்டூல்.
சட்டையைப் பிடித்து இழுத்து
உட்கார வைத்தாள்.
*தீ. தீ. தீ.*
புகை இல்லை, வாசனை இல்லை,
சொம்பின் வயிற்றில் நீல வெளிச்சம் மட்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று
அந்த எழுத்தை வாய்க்குள் போட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு மேல்பல்லைத் தொட்டது,
தொட்ட இடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எங்கள் பேச்சில் எண்ணும்போது
தீ என்றால் இரண்டு.
கொன்றது இரண்டு பேர்!

இத்தனை மாதமாக
தப்புத் தப்பாக எழுதுகிறதே என்று
துடைத்துத் துடைத்து அழித்தேனே,
காய், பாணி,
அத்தனையும் அவள் சொன்னபடியே சொன்னது.
படிக்கத் தெரியாதவன் நான்.

யார், யார் அந்த இரண்டு பேர் என்று
எங்கள் பேச்சிலேயே கேட்டேன்.
எவ்வளவு சத்தமாகக் கேட்டேனோ,
எதிர்வீட்டு ஜன்னலில் டார்ச் அடித்தார்கள்.
கோமளா பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.
எழுதுகிற போன்
என் கேள்வியையே பிடித்துக்கொண்டு
*கோன் ஐஸ், கோன் ஐஸ்* என்று எழுதி
அணைந்தது.