படிவத்தில் மூன்றாவது கேள்வி

கோட்டை வாசலில், இரவு பதினொன்றரைக்கு,
முசம்மிலின் ஓட்டோவில் மோதி விழுந்த மான்
விடியுமுன் என் மேசைக்கு வந்தது.
"கொம்பன், டொக்டர். பாருங்க" என்றான்.
ஹெட்லைட் உடைந்த கவலை அவனுக்கு.

கொம்பு இருந்தது. ஒரு சாண்.
மேல்தோல் இன்னும் உரியாமல்,
தொட்டால் பூனைக்காது.

திறந்தேன்.
முதலில் இரைப்பை: கடற்கரையில் எறிந்த பொலித்தீன்,
கச்சான் சுற்றிய பேப்பர்,
கிழிபடாத ஒரு ஷம்பூ பைக்கற்று.
அதற்கும் கீழே, சிறுநீர்ப்பையின் பின்னால்,
கையடக்கமாய் ஒரு கருப்பை.

படிவத்தில் மூன்றாவது கேள்வி: ஆண் / பெண்.
பொருந்தாததை வெட்டிவிடுக.
பேனாவை மூடி வைத்தேன்.

நான் படித்தது இவ்வளவுதான்:
கருவில் எல்லோருக்கும் முதலில் ஒரே மேடு,
இன்னும் எதுவும் ஆகாதது,
இரண்டு வழியும் தெரிந்தது.
ஒய் நிறமூர்த்தத்தில் ஒரு மரபணு
கொஞ்ச நேரம் மட்டும் கண் விழிக்கும்;
வேறொரு வீட்டின் கதவைத் தட்டிவிட்டு
மறுபடி படுத்துவிடும்.
எழுப்பப்பட்டவன் பிறகு தூங்குவதில்லை.
விதை கட்டுவது அவன்தான்.

தட்டாவிட்டால் சூலகம்,
அது சும்மா நிகழும் என்றார்கள் வகுப்பில்.
பிழை.
அதற்கும் ஆட்கள் உண்டு;
ஆயுள் முழுக்க அந்தக் கதவை
முதுகால் அழுத்திப் பிடித்து நிற்பவர்கள்.
அவர்கள் விலகினால்
வளர்ந்த எலியின் சூலகமும் மனம் மாறும்.

காதில் ஒரு துண்டு வெட்டி
ஐஸ் பெட்டியில் பேராதனைக்கு அனுப்பினேன்.
சுரப்பிகளை ஃபோமலின் போத்தலில்.
ஒன்பது வாரம்.
வனசீவராசி அலுவலகத்து சில்வெஸ்டர்
இரண்டு கடிதம் போட்டார்:
படிவம் பூரணமில்லை.

நாலு வரியில் பதில் வந்தது.
இரண்டு எக்ஸ். ஒய் இல்லை.
அந்த மரபணுவும் இல்லை,
மூன்று தரம் தேடினோம்.
சுரப்பி, பாதி சூலகம், பாதி விதை.

தட்ட வேண்டியவன் அந்தத் தெருவுக்கே வரவில்லை.
ஆனாலும் உள்ளே யாரோ
தானாக எழுந்து விளக்குப் போட்டிருக்கிறார்.
யாரென்று பேராதனைக்கும் தெரியாது.
புளியங்கொட்டை அளவு சதை
அந்தக் கொம்பை, மாதம் மாதமாக,
மெல்ல மேலே அனுப்பியிருக்கிறது.

சில்வெஸ்டருக்கு எழுதினேன்:
மூன்றாவது கேள்விக்கு இடம் போதாது,
இணைப்பைப் பார்க்கவும்.

நேற்று டொக்யாட் வீதியில் முசம்மில் மறித்தான்.
புது ஹெட்லைட்.
"அப்ப நான் அடிச்சது ஆணையா, பெண்ணையா?"

அதுக்கு வயது மூன்று என்றேன்.

கொஞ்சம் நின்றான்.
பிறகு வண்டியைத் திருப்பி,
கோட்டைப் பக்கம்,
மெதுவாகப் போனான்.