நடந்தபின் போகிறவன்

லாரி கவிழ்ந்த மறுநாள் காலையில்தான்
என்னை அனுப்புவார்கள்.
டீசல் ஊறிய மண், நசுங்கிய முகம்,
நம்பர் பிளேட் தெளிவாக விழ வேண்டும்,
மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி.
மாடு செத்தால் காதுவில்லை தெரிய ஒன்று,
படுத்திருக்கும் முழு உடம்பு ஒன்று.
பதினோரு வருடம்.
கம்பெனி கொடுத்த சோப்புப்பெட்டி கேமரா
இதற்குத் தாராளம்.
சேதம் எங்கும் ஓடிவிடாது.

ஆனால் கோட்டையூர் ஊருணியில்
ஒரு மீன்கொத்தி இருக்கிறது.
செம்பாறாங்கல் படிக்கு மேலே
துருப்பிடித்த கம்பியில் உட்கார்ந்து
தண்ணீரைக் கணக்குப் பார்க்கும்.
அது பாயும்போது அமுக்கினால்
பெட்டி கொஞ்சம் யோசிக்கும்,
பிறகுதான் கிளிக்.
அறுபத்துமூன்று படங்கள் வைத்திருக்கிறேன்,
அறுபத்துமூன்றிலும் வளையங்கள்.
விரிந்துகொண்டே போகிற தண்ணீர்,
மேலே யாரும் இல்லை.
ஓரத்தில் தேதி.

"அடிபட்ட லாரியை அழகா எடுத்தா
கூடக் குடுப்பாங்களா?"
என்றாள் தமயந்தி.
சீட்டுப் பணத்தில் அவள் பாதியையும் கேட்டிருந்தேன்.
கொடுத்தாள்.
கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

காரைக்குடி, செக்காலை ரோடு.
பிரிட்டோ கண்ணாடி மேசையில் இரண்டை வைத்தான்.
ஒன்று புதிது, இன்னும் பிளாஸ்டிக் வாசனை.
"இருபத்துநாலு மெகாபிக்சல் சார்,
பையும் கார்டும் ஃப்ரீ."
பிடித்துப் பார்த்தேன்.
சுண்டுவிரலுக்கு மட்டும் இடமில்லை,
பஸ்ஸில் படிக்கட்டில் நிற்கிறவன்போல்
வெளியே தொங்கியது.

மற்றது பழையது, கனம்.
கல்யாணம் எடுக்கிற ஒருவர்
பெரிசு வாங்கியதும் விட்டுப்போனது.
திருப்பினேன்.
கை தானாக வேலையைத் தொடங்கிற்று.
அடிமூலையில் அரிசியளவு பள்ளம்,
ரப்பர் ஓரம் எழும்பியிருக்கிறது.
"கீழ விழுந்திருக்கு பிரிட்டோ."
"ஒரே தடவை சார்."
"எத்தனை தடவை அமுக்கினது?"
"நாப்பத்தோராயிரம்."
எத்தனை தாலி, எத்தனை பந்தி,
பாதி மூடிய எத்தனை மாமன் கண்கள்.
தேய்மானம் கழித்து
மனசுக்குள் ஒரு தொகை எழுதினேன்.
அவன் கேட்டது அதைவிட எண்ணூறு குறைவு.
வாயைத் திறக்கவில்லை.

கண்ணை வைத்துப் பார்த்தேன்.
புதியதில் தெரு
சாவித்துவாரம் வழியாகத் தெரிந்தது.
இதில் கதவையே திறந்துவிட்டார்கள்.
எதிர்க்கடை எவர்சில்வர் குடங்கள்,
குடங்களின் வயிற்றில் வளைந்தோடும் ஆட்டோ,
சைக்கிளில் ஒருத்தன்
தும்மப் போகிறான்.
அமுக்கினேன்.
தும்மல் முழுசாக விழுந்திருந்தது,
மூக்குச் சுருக்கம் உட்பட.
சுண்டுவிரலும் உள்ளேதான் இருந்தது.

லென்ஸ் ஒன்றுக்குத்தான் பணம் மிச்சம்.
தூரத்தை இழுத்து வருகிற நீளமானதைக் கேட்டேன்.
"பக்கத்துல இருக்கிறத எப்படி சார் எடுப்பீங்க?"
பின்னால் போவேன் என்றேன்.

ஞாயிறு, ஆறரை மணி.
துவைக்க வந்தவர்கள் இன்னும் வரவில்லை.
கம்பியில் அது.
பாய்ந்தது.
அமுக்கினேன்.
கண்ணுக்குள் கருப்பு.

ஓர் இமைப்பொழுதுதான்.
கெட்டுவிட்டதென்று பதறி
அந்நேரமே பிரிட்டோவை எழுப்பினேன்.
உள்ளே கண்ணாடி ஒன்று
மேலெழும்பி வழிவிடுமாம் சார்,
படம் விழுகிற அந்த நேரம் மட்டும்
எடுக்கிறவருக்கு ஒன்றும் தெரியாதாம்.
கொட்டாவியோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பிறகு பார்த்தேன்.
அலகு தண்ணீரைத் தொட்டிருக்கிறது,
முதல் வளையம் இன்னும் பிறக்கவில்லை.
அங்கே நின்ற நான் பார்க்காதது.
பழக்கத்தில் மூலையைத் தேடினேன்.
தேதி இல்லை.

மறுநாள் மானகிரிப் பக்கம்
புளியமரத்தில் ஒரு வேன்.
டிரைவருக்குக் காலில் மட்டும் அடி.
சோப்புப்பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டேன்.
செருப்பு மாட்டும்போது
தமயந்தி அந்தப் பின்பக்கத் திரையில்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
"எல்லாம் சரி,
மீன் எங்க?"