விலகிய தேதி

மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குப் பின்னால்
என் ஆன்லைன் சென்டர்.
பி.எஃப். பணம் எடுக்க வருகிறவர்களுக்கு
படிவம் போட்டுக் கொடுப்பேன். நூற்றைம்பது ரூபாய்.
ஓடிபி வரும்வரை சும்மா இருக்க முடியாமல்
அவர்கள் பணி விவரத்தைப் படிப்பேன்.

சேர்ந்த தேதி. விலகிய தேதி.
கீழே மறுபடி ஒரு சேர்ந்த தேதி.
நடுவில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு,
அதற்குள் எதுவும் அச்சாகியிருக்காது.
நெட்வொர்க் படுத்துவிட்ட ஒரு மத்தியானம்
பரமகுருவின் கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
பத்தொன்பது வருஷத்தில்
ஏழு வருஷம் நாலு மாதம்.

தேவநாதனுக்கு ஒரே வரி.
சேர்ந்த தேதி மட்டும்.

இரண்டு பேரும் ஒரே ஐ.டி.ஐ., ஒரே ஃபிட்டர் செட்.
மார்க் பரமகுருவுக்குத்தான் கூட
என்று தேவநாதனே சொல்லியிருக்கிறான்.
சிப்காட்டில் நிரந்தர ஆள் எடுத்த வாரம்
பரமகுருவுக்கு அம்மை போட்டிருந்தது.
தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே வந்தபோது
கேட்டில் கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தான்,
வேறொரு நோட்டோடு.

பிறகு நடந்ததெல்லாம்
அந்த ஒரு வாரத்துக்குக் கட்டிய வட்டி.
பதினொரு மாதம் முடிந்தால் ஒரு பிரேக்.
தானே புயலில் கூரை போன ஷெட்டை
மறுபடி போட்டார்கள், ஆளைக் குறைத்து.
கம்பெனி கைமாறியது.
கொரோனா வந்தது.
போகும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி:
"நடுவுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"
ஒரு கோடு
அடுத்த கோட்டுக்குச் சிபாரிசு செய்தது.

தேவநாதன் நல்ல மனுஷன்.
"ஒழுங்கா உழைச்சா ஒரே எடத்துல நிக்கலாம்" என்பான்.
பொய்யில்லை. உழைத்தான், நின்றான்.
பரமகுரு பேனா மூடியைக் கடித்தபடி சொன்னதுதான்
இன்னும் எனக்குச் செரிக்கவில்லை:
"நான்தாங்க்கா கொஞ்சம்
அசால்ட்டா இருந்துட்டேன் போல."

ஏழு கம்பெனிப் பெயரை வரிசையாகத் தட்டிய கையால்
மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை தட்ட வரவில்லை.
விலகிய காரணம் கேட்கும் பெட்டியைத் திறந்தேன்.
ஓய்வு, ஊனம், இறப்பு, இன்னும் ஒன்றிரண்டு.
அம்மை இல்லை. மழை இல்லை.
என்னுடையதும் அங்கே ஒரு வரி கிடக்கிறது:
இறால் கம்பெனி, எட்டு மாதம்.
கல்யாணம் என்றும் அதில் இல்லை.

போன திங்கள் மகனோடு வந்திருந்தான்,
ஐ.டி.ஐ. விண்ணப்பம் போட.
மார்க் ஷீட்டை ஸ்கேனரில் வைத்தேன்.
நல்ல மார்க்.
பையன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.
படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:

"அம்மை ஊசி போட்டாச்சா?"