பத்தில் ஒன்று

வெள்ளம் வடிந்து ஒன்பதாம் நாள், ஞாயிறு.
ஆராதனை முடிந்து கைகொடுக்கும் வரிசை.
ஐயர் இன்னும் அங்கியைக் கழற்றவில்லை.
நேசதுரை சொன்னான்:
"மண்டூர்ச் சனத்துக்குப் போன சோத்துப் பார்சலில
பருப்பைத் தேட ரோச் அடிக்கோணும்.
சபைச் சல்லி எந்தப் பக்கத்தால வடிஞ்சது எண்டு
கொப்பி வச்சிருக்கிற ஆளைத்தான் கேக்கோணும்."

கொப்பி வைத்திருக்கிற ஆள் நான்.

நாலு பேர் சிரித்தார்கள். மெற்றில்டா
பாட்டுப் புத்தகத்தை மூடி, திறந்து, மூடினாள்.
பெரியகல்லாற்றுப் பிரதான வீதி நெடுக
அந்தச் சிரிப்பு என் செருப்பில் ஏறி வந்தது
நெருஞ்சி மாதிரி.

விடியப்புறம் மூன்று மணிக்கு உலை வைத்தவள்.
மணிக்கட்டில் கஞ்சி கொட்டின தழும்பு காயவில்லை.
குருமண்வெளித் துறையில், இடுப்பளவு நனைந்து,
இருநூற்றுப் பத்துப் பார்சலையும்
குழந்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல்
படகில் ஏற்றியவள்.
அந்தக் கிழமை நீ எங்கேயடா இருந்தாய்,
கல்முனையில், மச்சான் வீட்டு மேல்மாடியில்?
வாய் வரைக்கும் வந்தது கேள்வி.
பல்லில் இடித்துக்கொண்டு நின்றது.

இரவு பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பரப்பினேன்.
ஜெபிக்க அல்ல, அடிக்க.
அரிசி. பருப்பு. லஞ்ச் சீற்.
விறகு நனைந்ததால் காஸ்.
எல்லாவற்றையும் ஊசியால் குத்தி
அடுத்த ஞாயிறு அவன் முகத்தில் எறிய.
கூட்டினேன். மறுகா கூட்டினேன்.
முந்நூற்று நாற்பது ரூபா இடித்தது.

மூன்றாம் தரம் கூட்டும்போதுதான் ஞாபகம் வந்தது:
துறையடிக் கடையில், கட்டாரில் இருக்கும் மகனோடு பேச
என் போனுக்குப் போட்ட ரீலோட்.
பிறகு வைப்போம் என்று நினைத்தது.
வைக்கவில்லை.

ஆண்டவரே,
அவன் சொன்னதில் ஒன்பது பங்கு பொய்.
அந்த ஒன்பதையும் மன்னிக்க எனக்கு ஒண்ணா.
இப்போதைக்கு ஒண்ணா, உம்மிடம் ஏன் ஒளிப்பான்.
ஆனால் பத்தில் ஒன்று உமக்குரியது என்று
சின்ன வயதிலிருந்து கவரில் போட்டு வந்தவள் நான்.
இந்த வசைக்கும் ஒரு தசமபாகம் இருக்கிறது.
இந்தாரும்.

பிலாத்துவுக்கு முன் நீர் வாய் திறவாமல் நின்றதை
எத்தனை பெரிய வெள்ளியில் கேட்டிருப்பேன்.
உம்மேல் ஒரு சதம் பிழையில்லை, நின்றீர்.
என்மேல் முந்நூற்று நாற்பது ரூபா.
நான் பேசாமல் நிற்பதில் என்ன பெருமை?

திங்கட்கிழமை போனேன்.
தண்ணி மோட்டரைக் கழற்றிப் போட்டு
சேறு வழித்துக்கொண்டிருந்தான்.
சல்லியைச் சொன்னேன். நிமிரவில்லை.
"நான் அதைச் சொல்லல்லக்கா. பருப்பைச் சொன்னன்."

பருப்பும் தண்ணிதான், என்றேன்.
உலை கொதிக்கக் கொதிக்கப் பேர்ப் பட்டியல் நீண்டது.
அப்பத்தைப் பெருக்க எனக்குத் தெரியாது தம்பி,
ஊற்றத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் வழித்தான். பிறகு, மோட்டருக்குச் சொல்வதுபோல்:
"என்ட தங்கச்சி அங்கதான். மாசமா இருக்காள்.
மூணு நாள் கிட்டங்கித் தாம்போதியில நிண்டன்,
மேலால தண்ணி, ஆமி விடல்ல.
ரெண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அவள் திண்ட முதல் சோறு
உங்கட பார்சல்."

மன்னிப்புக் கேட்கவில்லை.
நன்றியா அது, குற்றச்சாட்டா,
திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
பல்லில் இடித்து நின்ற அந்தக் கேள்வியை நினைத்தேன்.
நேற்று அது வெளியே வந்திருந்தால்?
நடு வீதியில் நின்றுவிட்டேன்.
பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரன் ஹோர்ன் அடித்து
எனக்கு விளங்காத ஏதோ சொல்லி ஏசினான்.

கொப்பியில் இப்போது ஒரு வரி கூடுதல்:
ரீலோட், சொந்தத் தேவை, திருப்பிச் செலுத்தப்பட்டது.
கீழே என் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

செருப்பைத் தட்டிப் பார்த்தேன்.
ஒரு முள் இன்னும் கிடக்கிறது.
நடந்தால் தெரியும்.